ஓவன் கதவைத் திறந்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து, என்ன எழுதியிருக்கிறாய் காட்டு என்று கையை நீட்டுவார். காட்டினாலும் போகமாட்டார். அடுத்த வரியை எழுதுகிறேனா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு ஆள்.

துபாயில் ஜுமைராவில் ஓர் அரபி வீட்டில் நான் டிரைவராக இருந்தேன். அவர் அந்த வீட்டுச் சமையல்காரர். எழுபதுகளின் நடுவில் நடந்தவை இவை. கடற்கரை ரோட்டில் அப்போது வீடுகள் விட்டுவிட்டுத்தான் இருந்தன. இடையில் எல்லாம் வெறும் மணல். எங்கள் இருவருக்கும் வீட்டின் பின்னால், மதிலை ஒட்டி ஒரு ரூம். அவருக்கு நாற்பது வயது இருக்கும், பரமக்குடிப் பக்கம். எனக்கு அவரைவிட நன்றாகவே வயது குறைவு. புதுக்கோட்டைக்காரன், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன், வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன். அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் எங்களுக்குள் சண்டை வரவில்லை என்று நினைக்கிறேன்.

மூடி வைத்த எதையும் அவரால் மூடியபடி விட முடியாது. சோறு வடிக்கிறவர்கள் இரண்டொரு தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்பது சகஜம். இவர் பானையை விட்டு நகரவே மாட்டார். மூடியைத் தூக்குவார். ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்ப்பார். மூடுவார். மூடிய கை மூடியைவிட்டு வராது. மறுபடி தூக்குவார். எங்கள் வீட்டில் வெறும் சோறு வேகிற நேரத்துக்குள் அடுத்த வீட்டில் பிரியாணியே தம் முடிந்து இறங்கியிருக்கும். ஏன் அண்ணே இப்படி என்று ஒரு தடவை கேட்டதற்கு, "கண்ணு எதுக்குத் தம்பி இருக்கு? பாக்கத்தானே?" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு படுப்பேன். கொஞ்ச நேரத்தில் போர்வையின் ஓரம் மெதுவாக உயரும்.

"தூங்கிட்டியா?"

"இல்லண்ணே."

"சரி, தூங்கு."

போர்வை இறங்கும். நான் உண்மையிலேயே தூங்கிப்போகும் நேரத்தில் மறுபடி உயரும்.

யாரோ பம்பாயிலிருந்து லாஞ்சில் வரும்போது ஒரு முருங்கைப் போத்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ரூமுக்குப் பின்னால் நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தார். வளர்த்தார் என்று சொல்லக்கூடாது. தினமும் காலையில் அதைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நட்டார். பக்கத்து வீட்டுச் சமையல்காரர், கோவாக்காரர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி இதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கடைசியில் அந்தப் போத்து எங்கள் துணிக்கொடிக்குக் கம்பு ஆனது.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அவர் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். இவர் பணம் அனுப்புவார், அங்கே மச்சினன் கட்டுவார். லீவில் போகிற நம் ஆட்களிடமெல்லாம் அவர் கேட்கும் உதவி ஒன்றுதான். பரமக்குடியில் பஸ் மாறும்போது ஒரு நடை போய், சுவர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். ஒருத்தர் திரும்பி வந்து தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். சில மாதம் கழித்து இன்னொருத்தர் போய் வந்து தோளில் கையை வைத்துக் காட்டினார். சுவர் ஏறியிருக்கிறது என்று இவருக்குச் சந்தோஷம். ஆனால் சந்தோஷத்தோடு விட்டாரா? ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் எங்கள் ரூமுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பு வைத்தார். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரையும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தார். முதல் ஆள் நெடியவர், இரண்டாவது ஆள் குட்டை. நெடியவர் நெஞ்சும் குட்டையானவர் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அவர் வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அதன்பிறகு பல நாள், வேலைக்கு நடுவில் திடீரென்று நின்று, தன் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

போய்ப் பார்க்க வழி இருந்தது. அரபாப், அதாவது எங்கள் முதலாளி, குடும்பத்தோடு அடுத்த கோடைக்கு லண்டன் போகப்போவதாகப் பேச்சு. அவர்கள் போனால் அடுப்பங்கரை மூடிக் கிடக்கும். சமையல்காரருக்கு டிக்கெட்டோடு லீவு. அரபாப்பே வாயால் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கோடைவரை அவர் அடுப்பங்கரையில் இருக்கவேண்டும். அதில்தான் சிக்கல்.

அவர் சமையல் விசாவில் வந்தவர் அல்ல. அரபாப்பின் கட்டட வேலைக்கு வந்தவர். தேராவில் அரபாப் மாடி மாடியாகக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார். ஆடி மாத வெயிலில் இவர் சைட்டில் மயங்கி விழுந்தார். நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நிழலில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அரபாப் வீட்டில் விட்டார். அந்தச் சமயம் பார்த்துப் பழைய சமையல்காரர் ஊருக்குப் போய்விட, வீட்டம்மா இவரைக் கூப்பிட்டுச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். இவருடைய அக்கா ஊரில் இட்லிக்கடை வைத்திருந்தார்; அங்கே மாவாட்டிய பழக்கம். தெரியும் என்றார். ரொட்டி? தெரியும். மீன்? தெரியும். கேக்? அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். சைட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க, யாரும் எதற்கும் தலையை ஆட்டுவார்கள்.

மற்றதெல்லாம் கையைக் காலை ஆட்டிச் சமாளித்துக் கற்றுக்கொண்டார். கேக் மட்டும் அகப்படவில்லை. அந்த வருஷம்தான் வீட்டுக்குப் புது அடுப்பு வந்தது. மேலே நான்கு பர்னர், கீழே இரும்புக் கதவு போட்ட ஓவன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் வீடுகளில் கேக் சாப்பிட்டுப் பழகிய வீட்டம்மா, சாயங்காலம் வருகிற பெண்களுக்குக் காவா என்ற அரபிக் காப்பியோடு தன் வீட்டுக் கேக்கும் வைக்க ஆசைப்பட்டார். நல்ல மனுஷி. கத்தமாட்டார். ஆனால் ஆசைப்பட்டதை விடமாட்டார்.

முதல் கேக்குக்கு அவர் முந்தின நாளே மாவு கலக்கினார். மைதா, சர்க்கரை, முட்டை, டின் வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் போட்டுக் கையால் அடித்து, துணி கட்டி, வெயில் படுகிற சுவரோரம் வைத்தார். ஏன் அண்ணே என்று கேட்டேன். "மாவு புளிக்கணும்ல? புளிக்காம எப்புடிப் பொங்கும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் துணியை அவிழ்த்தபோது மாவு ஒரு விரல்கூட உயர்ந்திருக்கவில்லை. முட்டை நாற்றம் வேறு. அப்படியே ஓவனில் வைத்தார். இட்லிக்குப்போல அடியில் ஒரு தட்டில் தண்ணீரும் வைத்தார், ஆவி வேண்டுமே என்று. வெளியே வந்ததை வீட்டுப் பிள்ளைகள் விரலை மடக்கித் தட்டி, கதவைத் தட்டுவதுபோல் விளையாடினார்கள். வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்ததற்கு, பவுடர் போதவில்லை என்று நினைத்து அள்ளிப் போட்டார். அது பொங்கி, கேக் ஊற்றிய தகரத்தைத் தாண்டி வழிந்து, ஓவனின் அடியில் கருகி, வீடெல்லாம் புகை. அடி கருகக் கூடாது என்று யாரோ சொன்ன யோசனையில் ஒரு தடவை ஓவன் தட்டில் மணலைப் பரப்பினார். வாசலில் கிடந்த கடல் மணல். அதில் இருந்த சிப்பிகள் சூட்டில் பட்பட்டென்று வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் அவர் கதவைத் திறந்து பார்த்தார்.

பிறகு கோவாக்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேக் கணக்கை வாயால் சொல்லிக்கொடுத்தார். மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் நான்கும் சம எடை. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடிக்கவேண்டும். பவுடர் ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. கலக்கினால் உடனே உள்ளே. ஓவன் முதலிலேயே சூடாக இருக்கவேண்டும். இவர் எல்லாவற்றையும் அப்படியே பிடித்துக்கொண்டார். மாவு நன்றாக வந்தது, நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். ஆனாலும் கேக் வெளியே வரும்போது நடுவில் குழி. ஓரமெல்லாம் உயர்ந்து நடு மட்டும் தாழ்ந்து, வற்றிய குளம் மாதிரி இருக்கும். முதல் தடவை வீட்டம்மா அந்தக் குழியில் டின் பழத்தைக் கொட்டி, மேலே கிரீம் ஊற்றி, இதுதான் இப்போதைய முறை என்று விருந்தாளிகளுக்கு வைத்துவிட்டார். இரண்டாம் தடவை அப்படிச் செய்யவில்லை. "மாஃபி ஸைன்", நன்றாக இல்லை, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்றாம் தடவை அதையும் சொல்லவில்லை.

குழிக்குக் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். கோவாக்காரர் தெளிவாகவே சொல்லியிருந்தார். கேக் உயர்ந்து, உள்ளே இறுகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அடுப்பங்கரையில் ஏசி வேறு ஓடுகிறது. குளிர்காற்று பட்டால் உட்கார்ந்துவிடும். அந்த ஓவன் கதவில் கண்ணாடி கிடையாது. இவர் அதன்முன் குந்தி உட்கார்ந்து, கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொள்வார். வியர்க்கும். எழுந்து நடப்பார். தண்ணீர் குடிப்பார். வந்து உட்கார்வார். ஒரு தடவை என் பெல்ட்டால் கதவின் பிடியைக் கட்டச் சொன்னார். கட்டினேன். நான் கார் துடைக்கப் போய்வருவதற்குள் அவிழ்த்திருந்தார்.

"ஒரு நூலு சந்துதான் தம்பி திறந்தேன்," என்றார்.

கோவாக்காரர் அன்று நேரில் வந்து குழியைப் பார்த்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். கேக்குக்கு ஒரு நோயும் இல்லை, நோயாளி நீதான் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் வீட்டின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வீட்டம்மா என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லச் சொன்னார். என் அரபியையும் வீட்டம்மாவின் அரைகுறை இந்தியையும் சேர்த்துப் புரிந்துகொண்டது இது: அவர்கள் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு நல்ல கேக் செய்து காட்டவேண்டும். அது நன்றாக வந்தால் விருந்துக்கும் இவரே. இல்லாவிட்டால் வேறு சமையல்காரர் வருவார், இவர் திரும்பவும் சைட்டுக்கு. சைட்டின் ஃபோர்மேனான பட்டாணிக்காரரும் ஆள் பற்றவில்லை, ஆள் பற்றவில்லை என்று அரபாப்பை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஐஸ் தண்ணீர் வாங்க வரும்போதெல்லாம், "சலோ பாய், சைட் காலி ஹை", வா தம்பி, சைட்டில் ஆள் இல்லை, என்று இவர் முதுகில் தட்டுவார். தமாஷாகத்தான் தட்டுவார். இவருக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

சைட்டுக்குப் போனால் லண்டனும் இல்லை, லீவும் இல்லை. ஒப்பந்தம் முடிகிறவரை சுவரைப் பார்க்க முடியாது. இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, மாவை ஓவனில் வைத்துக் கதவைச் சாத்திய கையோடு அவர் வெளியே ஓடி வந்தார். நான் ஐஸ் வாங்கிவரக் காரை எடுத்துக்கொண்டிருந்தேன். முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்னை எங்கிட்டாவது கூட்டிட்டுப் போயிரு. நான் கேட்டாலும் திருப்பாத."

கேக்கை இறக்கக் கோவாக்காரரிடம் சொல்லிவிட்டாராம். அவர் மதிலைத் தாண்டி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறாராம். நான் காரை விட்டேன்.

கடல் ஓரமாக, ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். பெரிய அமெரிக்கக் கார், உள்ளே ஏசி. ஆனாலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இந்நேரம் உயர்ந்திருக்குமா என்றார். கோவாக்காரன் திறந்து பார்த்துவிடுவானோ என்றார். கேஸ் தீர்ந்துபோயிருந்தால் என்றார். கை கதவுப் பிடியில் இருந்தது. இனி இவரை நிறுத்தவேண்டுமென்றால் நான்தான் பேசவேண்டும் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு என்ன பேச வரும்? எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிச் சொன்னேன், சீக்கிரம் தீர்ந்துபோனது. டிரைவிங் படித்த கதையைச் சொன்னேன், அவருக்கு அது முன்பே தெரியும். அவர் கை பிடியைத் திருகியது. வேறு ஒன்றும் தோன்றாமல் நான் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன்.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார். நான் நிறுத்தவில்லை. மூவேழு இருபத்தொன்று என்றபோது அவரும் சேர்ந்துகொண்டார். எட்டு, ஒன்பது எல்லாம் ஏகக் குரலில் போனது. வாத்தியார் பிரம்போடு பின்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடலில் குளித்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறினேன். அவர் எடுத்துக் கொடுத்தார். முடித்துவிட்டு ஐஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

அடுப்பங்கரை மேஜையில் கேக் இருந்தது. நடு உயர்ந்து, மேலே ஒரு சின்ன வெடிப்போடு, பொன்னிறமாக. கோவாக்காரர் கையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றார். வீட்டம்மா வந்து பார்த்து, ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டு, "ஸைன், வாஜித் ஸைன்" என்றார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று. அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் இதேமாதிரி என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மட்டும் கேக்கின் கிட்டேயே போகவில்லை. வாசலில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

ரூமுக்கு வந்ததும் கேட்டார். "தம்பி, அது நம்ம கேக்குதானா?"

எனக்கு விளங்கவில்லை.

"அது எந்திரிச்சதை நீயும் பாக்கல, நானும் பாக்கல. அந்தாளு அவன் வீட்டு ஓவன்ல சுட்டதைக் கொண்டாந்து வச்சிருந்தா?"

தகரம் நம்முடையதுதானே என்றேன். தகரத்தை மாற்றிக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்றார். அவர் எதற்கு அண்ணே அப்படிச் செய்யப்போகிறார் என்றேன். "பாவம் பாத்துச் செஞ்சிருப்பான்," என்றார். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. போய் அடுப்பங்கரைக் குப்பைத் தொட்டியைக் கிளறினார். எதையாவது கண்டுபிடித்தாரா என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மதில் ஓரம் போய் நேராகவே கேட்டுவிட்டார்.

கோவாக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இவர் தமாஷாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. தன் ஓய்வு நேரத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். இனிமேல் உன் ஓவன் பக்கமே வரமாட்டேன் என்று மதிலைவிட்டு இறங்கிப் போய்விட்டார். இவர் என் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்கிட்டானே தவிர, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?" என்றார்.

விருந்து வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே வீட்டில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் மணத்தன. கூடத்தில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். தொழுகை முடிந்து ஆண்கள் வந்த பிறகு அவர் மாவை அடித்தார். அவ்வளவு அமைதியாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். கோவாக்காரர் இல்லை, ஆகவே கடற்கரைக்குப் போய் வாய்ப்பாட்டைப் பதினாறுவரை சொல்லிவிட்டு, ஐஸ் வாங்க நிற்காமல், நேராகத் திரும்பவேண்டும். வந்ததும் இறக்கவேண்டும். நேரம் சரியாக இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டிருந்தார்.

தகரத்தை உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். வந்து காரில் ஏறினார். நான் காரைத் திருப்பி, பாதை முழுவதும் மெதுவாக உருட்டி, கேட்டுக்கு வந்தேன். தண்ணீர் லாரி ஒன்று வழியை அடைத்து நின்றதில் கால் மணி நேரத்துக்கு மேல் போனது, பிறகுதான் நகர்ந்தோம். அங்கே கதவைத் திறந்துவிட்டார். ஓடுகிற காரில். நான் பிரேக்கை மிதித்தேன்.

"அண்ணே, லீவை நினைச்சுக்கங்கண்ணே," என்றேன். அவரிடம் நான் சொன்ன பெரிய வார்த்தை அதுதான்.

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார். "ஆனா அது என்னுதா இல்லையான்னு தெரியாம நான் எப்புடி ஊருக்குப் போயி நிக்கிறது?"

சட்டென்று இறங்கி நடந்தார். நான் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் பின்னால் ஓடினேன். அவர் அடுப்பங்கரையில் ஓவன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்து, பக்கத்தில் இடம் காட்டினார்.

"நீயும் பாரு. சாட்சிக்கு."

கதவைத் திறந்தார். நூல் சந்து அல்ல, முழுதாக. சூடு முகத்தில் அடித்தது. உள்ளே கேக் தகரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. உச்சியில் இன்னும் நிறம் ஏறவில்லை. வெளிர் மஞ்சளாக, லேசாக ஆடிக்கொண்டு, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்த குழந்தை மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்க நேர்ந்ததில் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

"பாத்தியா?"

"பாத்தேண்ணே. மூடுங்கண்ணே."

அவர் மூடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கப் பார்க்க நடு மெதுவாகத் தாழ்ந்தது. ஓசையே இல்லை. விளிம்புமட்டம் வந்தது, அதற்கும் கீழே போனது, குழியானது. அப்போதுதான் கதவைச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது.

"என்னுதுதான் தம்பி. போன வாரமும் என்னுதுதான்."

விருந்தாளிப் பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகு வீட்டம்மா கேக்கை எடுக்க வந்தார். டின் பழத்தைத் தேடவில்லை, கத்தவுமில்லை. பேரீச்சம்பழத் தட்டையும் கடையில் வாங்கிய பிஸ்கோத்தையும் தூக்கிக்கொண்டு, "கலாஸ்", முடிந்தது, என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். அந்த ஒரு சொல் போதும். மறுநாள் காலை பட்டாணிக்காரர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை முதுகில் தட்டவில்லை. பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

அதற்குமுன், அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தாங்காமல் கேட்டேன். "சுவரைப் பாக்க முடியாமப் போச்சேண்ணே?"

"சுவரு அங்கனதான நிக்கப்போகுது," என்றார். "இதை அன்னிக்கிப் பாக்காம விட்டிருந்தா, பெறகு எங்க போயிப் பாக்குறது?"

பிறகு மதில் ஓரம் போய்க் கோவாக்காரரைக் கூப்பிட்டார். அவர் வர நேரமாயிற்று. வந்ததும், பார்த்துவிட்டேன், என்னுடையதுதான், மன்னித்துவிடு என்று இந்தியில் சொன்னார். கோவாக்காரர் பிக்கப்பையும் பெட்டியையும் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மதிலுக்கு மேல் கையை நீட்டினார். இவர் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ரூமில் அதன்பிறகு நான் போர்வையை இழுத்துக்கொண்டால் அப்படியே தூங்கலாம். ஆனால் தூக்கம் வர நாளாயிற்று.

சில வாரங்கள் கழித்து, அரபாப்பைத் தேராவில் ஒரு கடையில் இறக்கிவிட்டு, சைட் இருக்கும் தெருவில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கட்டடம் மூன்றாம் மாடிவரை வந்திருந்தது. புதிதாகக் கான்கிரீட் போட்ட தூண்களைச் சுற்றிப் பலகை அடித்திருந்தார்கள். கீழே பட்டாணிக்காரர் மேலே பார்த்து யாரையோ கத்திக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு தூணின் அருகில் குந்தியிருந்த ஆளை முதுகை வைத்தே தெரிந்தது. கையில் ஒரு கம்பி. பலகையின் ஓரத்தை ஒரு நூல் நெம்பி, சந்தில் கண்ணை வைத்து, உள்ளே கான்கிரீட் இறுகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணிக்காரர் கத்துவது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஹாரன் அடிக்கலாம் என்று கை போனது. அடிக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.